அறுபத்தோராம் பக்கத்து எண்கள்

வெம்பக்கோட்டை
19.1.2025

அன்புத் தங்கை ரீனாவுக்கு,

அக்கா ஜெயசீலி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அத்தானும் சுகம். உன் ஒடிசா மலையில் பனி எப்படி, உன் முழங்கால் எப்படி? போனில் கேட்டால் "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு பேரும் கத்துவதோடு சரி. உன் ஆஸ்பத்திரிக்கு டவர் வருகிற அன்றைக்கு வரட்டும். அதுவரை கடிதம்தான். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

சாத்தூர் நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்திருக்கிறோம். மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடுவோம், இருபத்து மூன்று பேர். இந்த வருஷம் முழுக்கக் காடு, குளம், பறவை பற்றிய பழைய புத்தகங்கள்தான். முதல் புத்தகம், அறுபது வருஷத்துக்கு முன் ஓர் ஓவர்சியர் ஒரே கண்மாயை வருஷம் முழுக்கப் பார்த்துத் தினமும் எழுதிய குறிப்பு. உனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

வட்டத்துக்குச் சட்டம் உண்டு. ஆளுக்கொரு கண்மாயில் மாதாமாதம் பறவை எண்ண வேண்டும். அந்தக் கணக்கை வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்குக் கடிதமாக எழுத வேண்டும். பதில் நூலக முகவரிக்கு வரும், உறையைக் கூட்டத்தில்தான் பிரிப்போம். அவரவர் கடிதத்தை அவரவர் வாசிக்கக் கூடாது, பக்கத்து நாற்காலிக்காரர் வாசிக்க வேண்டும். "நம்மளே வாசிச்சா வேண்டாததை முழுங்கிருவோம் டீச்சர்" என்று பிரீத்தி கொண்டுவந்த சட்டம் அது. பிரீத்தி யார் என்கிறாயா? அத்தான் போர்மேனாக இருக்கிற பட்டாசு கம்பெனி முதலாளி பலவேசம் அண்ணாச்சியின் மருமகள். கூட்டத்துக்கு டீ, வடை அவள் உபயம். என் பக்கத்து நாற்காலியும் அவள்தான். அதனால் ஒழுங்காக எழுது, என் மானத்தை வாங்காதே. வீட்டு விஷயம் ஏதாவது இருந்தால் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு.

எனக்குக் கிடைத்தது நரிமேட்டுக் கண்மாய். பள்ளிக்கூடம் போகிற வழியில், அத்தான் கம்பெனிக்குப் பின்பக்கம். மறக்காமல் மாத்திரை சாப்பிடு.

உன் அக்கா,
ஜெயசீலி

*

(நூலக முகவரிக்கு)
ஒடிசா
11.2.2025

அன்புள்ள அக்காவுக்கும் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும்,

தோத்திரம். நான் நலம். முழங்கால் மட்டும் பனிக்குப் பயந்துகொண்டிருக்கிறது.

புத்தகம் வந்த நான்கே நாளில் படித்து முடித்தேன். எனக்கு மிகவும் பிடித்தவை அதில் ஒன்றுமே இல்லாத பக்கங்கள். தேதி போட்டு, "இன்று போகவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். பதினேழு இடத்தில் அப்படி. நேற்று எத்தனையோ அதையே இன்றும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், எவன் கேட்கப்போகிறான்? எங்கள் வார்டில் தெர்மாமீட்டரை வைக்காமலே 98.6 என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு அந்தப் பக்கங்களைக் காட்டினேன். ஒருத்தி அழுதேவிட்டாள்.

அக்கா, உன் கண்மாயில் என்னென்ன இருக்கிறது? ஆவலோடு காத்திருக்கிறேன்.

ரீனா

*

வெம்பக்கோட்டை
2.3.2025

ரீனாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதத்தைப் பிரீத்தி கணீரென்று வாசித்தாள். பிரஸ் வைத்திருக்கிற சரவணக்குமாருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒத்த வரிக்கு ஒரு பக்கமா? பேப்பர் தண்டம்!" என்றார். அரைமணி நேரம் சண்டை. நான் ஓவர்சியர் கட்சி.

கணக்கு: நத்தைக்குத்தி நாரை 31. கூழைக்கடா 9, பத்தாவது ஒன்று மரத்துக்குப் பின்னால் இருந்ததா, என் பிரமையா தெரியவில்லை. முக்குளிப்பான் 22 என்று எண்ணினேன், ஆனால் அந்தக் கழுதைகள் முங்கி முங்கி எழும்புகின்றன, எப்படி எண்ணுவது? கொக்கு நிறைய. ஆடு மேய்க்கிற ராமுத்தாய்தான் எனக்கு வாத்தியார். "டீச்சர், அது கொக்கு இல்ல, மடையான். எம்புட்டுப் படிச்சிருக்கீக, இது தெரியாதா?" என்று என்னைக் கேட்கிறாள்.

தென்கரையில் தண்ணீர் வற்றிய ஓரமெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக ஏதோ படிந்திருக்கிறது. அத்தானிடம் கேட்டேன், உப்பு பூத்திருக்கிறது என்றார். அவருக்கு இப்போதே சீசன் ஆர்டர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, மூன்று வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை. அவருக்காக ஜெபம் பண்ணு.

ஜெயசீலி

*

(நூலக முகவரிக்கு)
ஒடிசா
24.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

மரத்துக்குப் பின்னால் நின்ற பத்தாவது கூழைக்கடாவை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். ஒரு சந்தேகம். நல்ல மழை பெய்த வருஷத்தில் உப்பு பூக்குமா? அதுவும் சாம்பல் நிறத்தில்? ராமுத்தாயிடம் கேட்டு எழுது. வட்டத்தில் யாருக்காவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ரீனா

*

வெம்பக்கோட்டை
27.4.2025

ரீனாவுக்கு,

இருவரும் சுகம். பள்ளிக்கூடம் லீவு.

கணக்கு: கூழைக்கடா 14. நத்தைக்குத்தி நாரை 26. முக்குளிப்பான் 40. தாழைக்கோழி 17. நீர்க்காகம் 33.

உப்பு பற்றிக் கேட்டிருந்தாய். உப்புதான். இனிமேல் நூலகத்துக்குப் போடுகிற கடிதத்தில் புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுது. பிரீத்தி அந்த வரியை வாசித்துவிட்டு, என்ன டீச்சர் என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். எதற்கு வம்பு?

ஜெயசீலி

*

வெம்பக்கோட்டை
22.6.2025

ரீனாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. சுகம்தான்.

இதை நூலகத்துக்காக எழுதவில்லை. நம் ராமுத்தாய் கண்மாய்க்குள் மூன்று கல்லைக் கூட்டி டீ போட்டிருக்கிறாள். கொதிக்கிற தண்ணீர் இரண்டு காலிலும் கொட்டிவிட்டது. கணுக்காலில் இருந்து முழங்கால் வரை சாம்பல் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சள். சேலைக் கரையும் கருகிவிட்டது. என்ன மருந்து போடலாம்? ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அத்தான். சீக்கிரம் எழுது.

ஜெயசீலி

*

(பள்ளிக்கூட முகவரிக்கு)
ஒடிசா
5.7.2025

அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் நீ ராமுத்தாயைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாய் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மேலே படிக்காதே. முதலில் ஆட்டோ பிடி.

இங்கே வருவதற்கு முன் ஏழு வருஷம் சிவகாசிப் பக்கம் தீக்காய வார்டில் வேலை பார்த்தவள் நான். வெந்நீர் பட்டால் தோல் கொப்புளிக்கும். சாம்பல் புள்ளி வராது, சேலை கருகாது. அது பட்டாசு மருந்து எரிந்த காயம். கண்மாய்க்குள் மருந்து எப்படி வந்தது? ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்ல அத்தான் யார்?

இன்னொன்று. உன் ஏப்ரல் கணக்கு. பதினாலு, இருபத்தாறு, நாற்பது, பதினேழு, முப்பத்து மூன்று. ஓவர்சியர் புத்தகத்தை எடு. அறுபத்தோராம் பக்கம், சித்திரை மாதம். அதே பறவை, அதே எண், அதே வரிசை. முங்கி முங்கி எழும்பும் கழுதைகளைத் திட்டி எழுதிய அக்கா எங்கே? நீ போய்ப் பார்க்கவில்லை. இல்லையென்றால், போய்ப் பார்த்ததை எழுதப் பயந்தாய். எது?

ரீனா

*

வெம்பக்கோட்டை
20.7.2025

ரீனா,

ராமுத்தாய் பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். கூட்டிப் போனது நான். கேட்டவர்களிடமெல்லாம் வெந்நீர் என்று சொன்னதும் நான். அவளும் என் முகத்துக்காக அப்படியே சொன்னாள். போதுமா?

அங்கே மலையில் உட்கார்ந்துகொண்டு பக்க எண் சொல்வது எளிது. சீசன் நேரத்தில் கழிவு மருந்தைக் குழியில் போட்டு எரிக்க நேரமில்லை, கண்மாயில் முக்கிவிடு என்று மேலே இருந்து சொன்னார்கள். வாயால்தான் சொன்னார்கள், எழுத்தில் ஒன்றும் கிடையாது. கழிவை எரித்துவிட்டோம் என்று நோட்டில் கையெழுத்து மட்டும் அத்தான் கையெழுத்து. தண்ணீரில் முக்கினால் மருந்து செத்துவிடும் என்று நம்பித்தான் மூட்டை மூட்டையாக முக்கினார். தண்ணீர் வற்றினால் காய்ந்து திரும்ப உயிர் பெறும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கிற மனுஷனா அவர்? உனக்கு நர்சிங் பீஸ் கட்டியவர் யார், மறந்துபோச்சா?

வெளியே தெரிந்தால் அண்ணாச்சி வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. போலீஸ் கூட்டிப் போவது அத்தானைத்தான். என் வாயால் என் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்கிறாயா? எனக்கு எழுதாதே.

ஜெ.

*

(பள்ளிக்கூட முகவரிக்கு)
ஒடிசா
15.9.2025

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எட்டு வாரம் பொறுத்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

அத்தான் எனக்குப் பீஸ் கட்டியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐப்பசி வந்தால் மழை. கண்மாய் நிறைந்துவிட்டால் அத்தான் முக்கிய மூட்டைகள் எங்கே கிடக்கின்றன என்று அவருக்கே அடையாளம் தெரியாது. அடுத்த கோடையில் தண்ணீர் வற்றும். அங்கே இன்னொருத்தி வந்து மூன்று கல்லைக் கூட்டுவாள். அவளுக்குக் காலோடு போகும் என்று என்ன நிச்சயம்? அன்றைக்கு அத்தான் மேல் வருவது கொலைக் கேஸ்.

பலவேசம் அண்ணாச்சி கம்பெனிக் கழிவு, அத்தான் கையால், நரிமேட்டுக் கண்மாயில். இதை நீ சொல்லிவிடு. டீயும் வடையும் வாங்கித் தருகிற வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லு. அறுபத்தோராம் பக்கத்தைப் பார்த்து எழுதினேன் என்பதையும் சொல்லு. இன்னும் தண்ணீர் வரவில்லை, மூட்டைகளை எடுத்துவிடலாம்.

உன்மேல் கோபமில்லை அக்கா. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். ராமுத்தாய் நடக்கிறாளா?

ரீனா

*

வெம்பக்கோட்டை
12.10.2025

ரீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தபோதே இருபத்து மூன்று பேருக்கும் கிடைத்துவிட்டது.

காலாண்டு லீவு விட்டு, 27-ஆம் தேதி சனிக்கிழமை பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. போஸ்ட்மேன் மாரிக்கண்ணன், டீச்சர் கடிதம்தானே என்று நூலகத்தில் கொடுத்துவிட்டார். அது கூட்டத்துக் கட்டோடு சேர்ந்துவிட்டது. சாயங்காலம் பிரீத்தி எடுத்து, உறையைக் கிழித்து, "அக்காவுக்கு, எழுதாதே என்றாய்" என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் மாமனார் பேர் வந்த இடத்திலும் நிறுத்தவில்லை. "ராமுத்தாய் நடக்கிறாளா, ரீனா" வரைக்கும் வாசித்தாள். பிறகு தன் புத்தகத்தை எடுத்து அறுபத்தோராம் பக்கத்தைத் திருப்பினாள். அதைப் பார்த்து எல்லோரும் திருப்பினார்கள். இருபத்து மூன்று பேர் ஒரே நேரத்தில் பக்கம் திருப்புகிற சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மாதாமாதம் எல்லோர் கணக்கையும் ஒட்டி வைக்கிற நூலகச் சுவரில் என் ஏப்ரல் கணக்கும் இருந்தது. சரவணக்குமார் எழுந்துபோய் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். என்னை வண்டியில் கூட்டிப் போக வந்த அத்தான் ஹெல்மெட்டோடு நின்றார். எப்போது வந்தாரோ. உள்ளே வந்து, "கொட்டுனது நான்தான். எங்கன கிடக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மழைக்கு முந்தி எடுக்கணும், யாராச்சும் அதிகாரிகளுக்குப் போன் போடுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். அவர் கண்மாய்க்குள் நடந்து நடந்து இடம் இடமாகக் குச்சி ஊன்றினார். மொத்தம் நாற்பத்தொரு மூட்டை என்றார். நேற்றோடு முப்பத்தாறு எடுத்தாயிற்று. போர்மேன் தன் இஷ்டத்துக்குச் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. அத்தான்மேல் கேஸ். ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். வேலை போய்விட்டது.

வீட்டில் பேச்சே இல்லை. ஒரே ஒரு தரம், "அந்த மாரிக்கண்ணன் மட்டும் ஒழுங்கா ஸ்கூல்ல குடுத்திருந்தாம்னா..." என்று ஆரம்பித்து, பாதியில் எழுந்து போய்விட்டார்.

ராமுத்தாய் நடக்கிறாள். கொஞ்சம் சாய்த்து நடக்கிறாள்.

ஜெயசீலி

*

(பள்ளிக்கூட முகவரிக்கு)
ஒடிசா
30.10.2025

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

சொல்லிவிடு என்றுதான் எழுதினேன். நீயாகச் சொல்ல வேண்டும், அத்தானிடம் முதலில் பேசிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்படி ஊர் முன்னால் உன் துணியை உரிந்த மாதிரி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அத்தானை ஸ்டேஷனில் உட்கார வைத்தது என் கடிதம். நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்த நினைப்புத்தான் வருகிறது.

மாரிக்கண்ணன்மேல் தபால் இலாகா மேலதிகாரிக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். முகவரியில் பள்ளிக்கூடம் என்று போட்ட கடிதத்தை வேறு இடத்தில் கொடுக்க அவர் யார்? அடுத்த மாதக் கடைசியில் கீழே டவுனுக்குப் போகும்போது போட்டுவிடுவேன்.

என்னை மன்னித்துவிடு.

ரீனா

*

வெம்பக்கோட்டை
14.12.2025

அன்புத் தங்கை ரீனாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாங்கள் இருவரும் சுகம். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, சுகம்தான்.

உன் கடிதம் வந்த அன்றே அவசரத் தந்தி அடிக்கலாம் என்றால் தந்தியை எடுத்துவிட்டார்கள். போன் போட்டேன், வழக்கம்போல உனக்குக் கேட்கவில்லை. மறுநாள் உன் ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போன் போட்டு, புகாரைப் போடாதே என்று சொல்லச் சொன்னேன். சொன்னார்களா? ஏற்கெனவே போட்டுவிட்டால் திரும்ப வாங்கிவிடு. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை மாரிக்கண்ணன் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "டீச்சர், ஸ்கூல் பூட்டிருக்கு. இந்தாங்க உங்க லெட்டரு" என்று நீட்டினார். உன் கையெழுத்து. பள்ளிக்கூட முகவரி. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையில் வாங்கினேன். பத்து வாரமாகத் தினமும், இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழுந்து, சொல்லாமலே படுத்தவள் நான். வகுப்பில் முப்பது பிள்ளைகளை அதட்டுகிற இந்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை ரீனா. வாங்கிய கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "லைப்ரரியிலயே குடுத்துருங்க" என்றேன். "மாத்தி எழுதிருக்கே டீச்சர்" என்றார். "பரவால்ல, குடுங்க" என்றேன்.

பிரீத்தி வாசிப்பாள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அத்தான் வாசலில் நிற்பார் என்று மட்டும் தெரியாது. உனக்குக்கூட மாரிக்கண்ணன் தலையில் போட்டு எழுதினேன். என் கடிதங்களிலேயே பெரிய பொய்க் கணக்கு அதுதான், ஏப்ரல் கணக்கு இல்லை. அந்த ஏப்ரலில் கண்மாயில் நான் பார்த்தது, மேலே மிதந்த கெளுத்தி மீன்களும் ஒரு காக்கையும்தான்.

கழிவைக் கண்மாயில் முக்கச் சொன்ன உத்தரவைத் தன் மாமனார் வீட்டு ஹாலில் வைத்துச் சொன்னபோது தானும் இருந்ததாகப் பிரீத்தி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது காரியாபட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். போன மாதக் கூட்டத்துக்குப் பஸ் ஏறி வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ மட்டும் சரவணக்குமார் செலவு.

மழை நன்றாகப் பெய்துவிட்டது. நாற்பத்தொன்றில் நாற்பது மூட்டை எடுத்தார்கள், ஒன்று உள்ளேயே போய்விட்டது. எந்த இடம் என்று அத்தான் வடகரையில் கல் நட்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் எண்ணப் போனேன். அவரும் வந்தார், தள்ளியே நின்றார். கணக்கு: முக்குளிப்பான் 2. வேறொன்றும் இல்லை. எந்தப் பக்கத்திலும் பார்த்து எழுதவில்லை.

அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. வாயால் சொல்ல வராது என்றுதான் தெரிந்துவிட்டதே. தபால் பெட்டியில் போடுவது எப்போதும் அவர்தான். இன்றைக்கு உறையை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டு நான் கோயிலுக்குப் போகிறேன்.

உன் அக்கா,
ஜெயசீலி

ரீனாவுக்கு,

உறை ஒட்டாம இருந்துச்சு. படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன். இப்ப ஒட்டிப் போடப் போறேன்.

முக்குளிப்பான் ரெண்டு இல்ல, மூணு. உங்கக்கா எண்ணயில ஒண்ணு முங்கியிருந்துச்சு. அது மேல வர்ற வரைக்கும் நான் நின்னு பாத்தேன்.

சுந்தர்ராஜ்